பலகைக்குள் மூன்று அளவில் எறும்பு: ஒரே இனமா, மூன்று இனமா?

#1 சாட்ஸ்வர்த் தச்சன்

எல்லாருக்கும் வணக்கம். டர்பன், சாட்ஸ்வர்த். கூரை ஓரத்துப் பேசியா பலகை பைன் மரம். அதற்கு மேலே கட்டர், அதாவது கூரை மழைநீர் போகும் வாய்க்கால். பலகை இணைகிற இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. பொழுது சாய்ந்த பிறகு அதிலிருந்து எறும்பு வரிசை இறங்கிக் கறிவேப்பிலை மரத்துக்குப் போகிறது. பகலில் ஒன்றிரண்டுதான் தென்படும்.

எல்லாம் ஒரே மாதிரி இல்லை. பெரும்பாலானவை 6, 7 மி.மீ. சில 8, 9. பிளவின் வாயிலேயே நிற்கிற ஒன்றிரண்டு 11 மி.மீ. வரும், தலை மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிசு. நிறம் மஞ்சள் கலந்த பழுப்பு. பெரியதற்குத் தலை கருத்திருக்கிறது.

மூன்று கேள்வி. இது ஒரே இனமா? பெரிய தலைக்காரி ராணியா, காவலா? பலகையைத் தின்கிறதா? படம் எடுத்தால் மங்கலாக வருகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

#2 நுண்ணோக்கி

நிறத்தையும் நீளத்தையும் முதலில் ஓரமாக வையுங்கள் தம்பி. எறும்பைப் பிரித்தறிய அவை இரண்டும்தான் மிக மோசமான அடையாளம், எல்லாரும் அவற்றில்தான் ஆரம்பிக்கிறார்கள். 10 மடங்கு கைலென்ஸ் போதும். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் இடுப்பு. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே எத்தனை கணு? கம்போனோட்டஸ், அதாவது தச்செறும்புப் பேரினம் என்றால் ஒரே ஒரு கணு, செதில் மாதிரி நிமிர்ந்து நிற்கும். இரண்டு கணு இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம், அது தச்செறும்பு இல்லை.

அடுத்து வயிற்று நுனி. கொடுக்கு இருக்காது. நுனியில் வட்டமான சின்ன ஓட்டை, அதைச் சுற்றி மயிர் வேலி. ஃபார்மிக் அமிலம் அதன் வழியாகத்தான் பீய்ச்சும். உயிரோடு ஒன்றை இடுக்கியில் பிடித்தால் வயிற்றை முன்பக்கம் வளைத்துக் காட்டும், அப்போது ஓட்டை நேராகத் தெரியும். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், அமிலம் எரிச்சல் தரும்.

மூன்றாவது உணர்கொம்பு. கணுக்களை எண்ணினால் 12 வரவேண்டும். அது முகத்தில் எங்கே பொருந்தியிருக்கிறது என்பது அதைவிட முக்கியம். வாய்க்கு மேலே ஒரு முகத்தகடு இருக்கும். மற்றப் பல எறும்புகளில் உணர்கொம்பின் குழி அந்தத் தகட்டின் பின்விளிம்பை ஒட்டியே இருக்கும். கம்போனோட்டஸில் நன்றாகத் தள்ளி மேலே இருக்கும். இந்த ஒரு இடைவெளி பழகிவிட்டால் பேரினத்தைத் தப்பவிடவே மாட்டீர்கள்.

நான்காவது, பக்கவாட்டில் மார்பின் முதுகுக்கோடு. நிறைய இனங்களில் வில் மாதிரி ஒரே வளைவாகப் போகும், நடுவே பள்ளம் இருக்காது. எல்லா இனத்துக்கும் இது பொருந்தாது, அதனால்தான் கடைசியில் வைத்தேன்.

இந்தப் பேரினத்தில் ஆயிரத்துக்கும் மேல் இனங்கள் இருக்கின்றன. ஊரில் பாட்டிமார் சொன்ன கட்டெறும்பும் இதே கூட்டம்தான். தென்னாப்பிரிக்காவில் இவற்றைப் பொதுவாக 'சுகர் ஆண்ட்' என்பார்கள். கடைக்காரர் அந்தப் பெயரில் எதைக் காட்டினாலும் பேரினம் எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

#3 டொங்காட் தோட்டம்

அண்ணே, தலை பெரிசு என்கிறாரே, பெருந்தலை எறும்பாக இருக்காதா? எங்கள் பக்கம் நடைபாதைக் கல்லுக்கு அடியில் மண்ணைத் தள்ளுவது முழுக்க அதுதான்.

#4 நுண்ணோக்கி

பெய்டோலே மெகாசெபலாவைச் சொல்கிறீர்கள். பேப்ரீசியஸ் 1793-இல் மொரீஷியஸிலிருந்து விவரித்த இனம். தலை பெரிசு என்ற ஒன்றைத் தவிர இதற்கும் அதற்கும் ஒற்றுமை இல்லை. பெய்டோலேக்கு இடுப்பில் இரண்டு கணு. உணர்கொம்பின் கடைசி மூன்று கணு தடித்து உருட்டுக்கட்டை மாதிரி இருக்கும். சின்னது 2 மி.மீ. சுமார், பெரியது 3, 4 மி.மீ.தான். அதில் அளவு இரண்டே இரண்டு, நடுவே ஒன்றும் கிடையாது. தச்சன் சொல்கிற 8, 9 மி.மீ. நடுத்தரமே அவருடையது வேறு என்று காட்டிவிடுகிறது.

நம் மாகாணத்தில் குழப்புகிற மற்றவை:

அனோப்லோலெபிஸ் கஸ்டோடியென்ஸ், ஆப்பிரிக்கான்ஸில் 'மல்மீர்'. இடுப்பில் ஒரே கணு, கொடுக்கு இல்லை, அளவும் பலவிதம். ஆளை நன்றாக ஏமாற்றும். ஆனால் உணர்கொம்புக்கு 11 கணுதான். வெயிலில், வெறும் மண்ணில், கண்மூடித்தனமாக ஓடும். கால் வைத்தால் கூட்டமாக ஏறும்.

டோரிலஸ் ஹெல்வோலஸ், சிவப்பு. புல்தரையைத் தோண்டினால் வரும், சின்னதும் பெரிசுமாகக் கலந்திருக்கும். கண்ணே கிடையாது. லென்ஸில் கண் தெரியவில்லை என்றால் வேறு எதையும் பார்க்கவேண்டாம்.

பாலிராகிஸ் தச்செறும்புக்குச் சொந்தக்காரி. மார்பிலோ இடுப்புக் கணுவிலோ முள் நீட்டிக்கொண்டிருக்கும். கம்போனோட்டஸில் பெரும்பாலும் அப்படி முள் இருக்காது.

இன்னொன்று. மரத்தில் தனியாக, விட்டுவிட்டு நடக்கிற ஒரு 'எறும்பு' முன்காலைத் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டினால் காலை எண்ணுங்கள். எட்டு இருந்தால் அது சிலந்தி. எறும்பு வேஷம் போடும் தாவுசிலந்திகள் டர்பனிலும் உண்டு.

#5 சாட்ஸ்வர்த் தச்சன்

பார்த்தேன் அண்ணே. ஒரே கணு. கொடுக்கு இல்லை, நுனியில் வட்டம் தெரிகிறது. உணர்கொம்பு 12, மூன்று எறும்பில் எண்ணினேன். குழி தகட்டிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. வயிற்றின் பக்கத்தில் வெளிர்மஞ்சள் புள்ளிகள், இருபுறமும்.

#6 நுண்ணோக்கி

அப்படியானால் கம்போனோட்டஸ்தான். இரவு நடமாட்டம், மஞ்சள்பழுப்பு, வயிற்றுப் பக்கத்தில் புள்ளி, பெரியதற்குத் தலை கருமை: எல்லாம் மாக்குலேட்டஸ் கூட்டத்தைக் காட்டுகின்றன. 'கூட்டம்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான பல வடிவங்கள் அந்தப் பெயரில் அடங்கியிருக்கின்றன. படத்தை மட்டும் வைத்து அதற்குக் கீழே இறங்குகிறவரை நம்பாதீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, இதே பேரினத்தின் வேறு இனங்கள்: சிங்க்டெல்லஸ் என்றால் கருப்பு உடம்பு, வயிறு பித்தளைத் தட்டு மாதிரி மினுங்கும். நிவியோசெட்டோசஸ் சின்னது, கருப்பு, மேலெல்லாம் வெள்ளை மயிர் குத்திட்டு நிற்கும். கரூவில் பார்க்கிற 'பால்பைட்டர்', அதாவது புல்வோபிலோசஸ், வயிற்றில் பொன்னிற மயிரோடு பெரிசாக இருக்கும், அமிலத்தைத் தாராளமாகப் பீய்ச்சும். அது மேற்கே வறண்ட நிலத்து ஆள், டர்பன் ஈரத்தில் தேடவேண்டாம்.

#7 பூச்சிப்பெட்டி

பேரினம் முடிந்தது. தச்சனின் முதல் கேள்விக்கு, அதாவது மூன்று அளவும் ஒரே இனமா என்பதற்கு, கண்ணால் பார்த்துப் பதில் சொல்லக்கூடாது. அளக்கவேண்டும். ஒரு மாலை வேலை.

எங்கே பிடிப்பது: வரிசையிலிருந்து மட்டும் பிடித்தால் கணக்கு கோணலாகும். வெளியே உணவு தேடப் போவதில் பெரும்பாலும் சின்னதும் நடுத்தரமும்தான். பெரியவை கூட்டிலேயே இருக்கும், இல்லையென்றால் வாசலில் நிற்கும். வரிசையில் 20, கூட்டு வாசலில் 20 என்று பிடியுங்கள். வாசலில் நிற்பதை வெளியே வரவழைக்க ஒரு புல் ஈர்க்கை உள்ளே விட்டால் போதும், பெரியது கடித்துக்கொண்டே வெளியே வரும்.

எப்படிக் கொல்வது: சின்ன டப்பாவில் போட்டு உறைபெட்டியில் ஒரு மணிநேரம். அரைமணியில் எடுத்தால் பெரியவை மேசையில் எழுந்து நடக்கும். பிறகு 70 முதல் 80 சதவீத ஆல்கஹால். மருந்துக்கடை ஐசோப்ரோப்பைல் நல்லது. சாயம் கலந்த மெத்திலேட்டட் ஸ்பிரிட் வேண்டாம், வெளிர்மஞ்சள் புள்ளி பார்க்கவேண்டிய இனத்தில் சாயம் ஏறினால் அடையாளமே போச்சு. டப்பாவுக்குள்ளே பென்சிலில் எழுதிய துண்டுச்சீட்டு போடுங்கள்: தேதி, இடம், எதிலிருந்து பிடித்தது. பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

எதை அளப்பது: உடம்பு நீளத்தை அளக்கவேண்டாம். தேன் குடித்த எறும்பின் வயிறு தட்டுத்தட்டாக விரிந்து நீளும், பசித்தது சுருங்கும். ஒரே எறும்பு காலையில் ஒரு அளவு, இரவில் ஒரு அளவு. தலை ஓடு கெட்டியானது, மாறாது. ஆகவே தலையின் அதிகபட்ச அகலம், கண்ணைச் சேர்க்காமல். கூடவே மார்பின் முதல் தகட்டு அகலம், மேலிருந்து பார்த்து.

தலையை நேராக வைப்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். தலை கொஞ்சம் முன்னே சாய்ந்தாலும் வடிவம் மாறும். முகத்தகட்டின் முன்விளிம்பும் தலையின் பின்விளிம்பும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும்வரை திருப்புங்கள். இரண்டும் ஒன்றாகத் தெளிந்தால் தலை நேர்.

நிறுத்திவைக்க ஊசி, பசை எதுவும் வேண்டாம். கை கழுவும் ஆல்கஹால் ஜெல், நிறமில்லாதது, ஒரு சின்ன மூடியில் ஊற்றி எறும்பை அதில் அழுத்துங்கள். வேண்டிய கோணத்தில் அப்படியே நிற்கும். குமிழி இருந்தால் ஊசிமுனையால் குத்தி ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள். தச்சனின் மங்கல் படத்துக்கும் இதுதான் மருந்து. கூடுதலாக, விளக்கை நேரே அடிக்காமல் ஒரு வெள்ளைத் தயிர்க் கப்பை அடி வெட்டிக் கவிழ்த்து அதன் வழியாக வெளிச்சம் விடுங்கள். பளபளப்புப் புள்ளி மறையும்.

அளவுகோல் எறும்பின் தலை இருக்கும் அதே உயரத்தில் இருக்கவேண்டும். எறும்பை மி.மீ. கட்டத்தாள்மேல் வைத்துப் படமெடுத்தால் தாள் கீழே, தலை மேலே, அளவு தப்பாகக் கூடிவரும். கைப்பேசியில் ஒட்டும் மேக்ரோ லென்ஸ் ஓரத்தை இழுத்துக் காட்டும். எறும்பு எப்போதும் படத்தின் நடுவில்.

ஒன்று மட்டும் ஆல்கஹாலில் பார்க்காதீர்கள்: மயிர். நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், இருக்கிறதே தெரியாது. வெளியே எடுத்து உறிஞ்சுதாளில் பத்து நிமிடம் காயவைத்த பிறகு பாருங்கள்.

நாற்பது ஜோடி எண் கிடைத்ததும் விரிதாளில் போட்டுத் தலை அகலத்தை மார்பு அகலத்தால் வகுங்கள். மூன்று இனம் என்றால் மூன்று தனித்தனிக் கொத்தாக விழும், கொத்துகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும். ஒரே இனத்தின் பல அளவு என்றால் சின்னதிலிருந்து பெரியதுவரை தொடர்ச்சியாகப் போகும், விகிதமும் கூடவே ஏறும். உடம்பு ஒரு பங்கு பெருத்தால் தலை ஒன்றரைப் பங்கு பெருக்கும், அதனால்தான் பெரியது கோமாளி மாதிரி தெரிகிறது. அது வேறு இனமாக இருப்பதால் இல்லை.

#8 வெருலம் மாமா

இவ்வளவு வேண்டுமா? சின்னது குட்டி, பெரிசு வயசானது. நாய்க்குட்டி வளர்கிற மாதிரி. எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

#9 பூச்சிப்பெட்டி

இல்லை மாமா. கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வந்த எறும்பு அதன்பிறகு ஒரு இழைகூட வளராது. ஓடு அப்படி. முட்டை, புழு, கூட்டுப்புழு, எறும்பு: வளர்ச்சி முழுக்கப் புழுப் பருவத்தில். எந்தப் புழுவுக்கு எவ்வளவு ஊட்டினார்கள், எந்த நேரத்தில் ஊட்டினார்கள் என்பதில் பெரும்பங்கு முடிவாகிறது. 6 மி.மீ.யில் வெளிவந்தது சாகும்வரை 6 மி.மீ.

நீங்கள் வயது பார்க்க நினைத்தால் வேறு அடையாளம் உண்டு. புதிதாக வந்தது வெளிர்நிறமாக, மெழுகு மாதிரி இருக்கும், சில நாளில்தான் நிறம் ஏறும். கூட்டைத் திறந்து வெளிர் எறும்பைப் பார்த்து 'இன்னொரு இனமும் கலந்திருக்கிறது' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது நேற்றுப் பிறந்தது, அவ்வளவுதான்.

வயதுக்கு ஏற்ற வேலையும் உண்டு: இளையவை உள்ளே புழுவைப் பார்த்துக்கொள்ளும், மூத்தவை வெளியே உணவுக்குப் போகும். ஆக ஒரு எறும்பின் வேலையை இரண்டு விஷயம் தீர்மானிக்கிறது, அளவும் வயதும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது.

உங்கள் கூற்றில் ஒரு பாதி சரி. புதுக் கூட்டில் பெரியவையே இருக்காது. ராணி தனியாக அடைந்துகொண்டு, வெளியே போகாமல், தன் உடம்புக் கொழுப்பையும் இனி வேண்டாத இறக்கைத் தசையையும் கரைத்து முதல் ஈட்டை வளர்க்கிறாள். அதில் வருவதெல்லாம் நோஞ்சான் சின்னதுகள். தீனி பெருகி, கூட்டம் பெருகிய பிறகுதான் பெரிய தலைக்காரி பிறப்பாள். தச்சன் வீட்டு வாசலில் பெரியவை நிற்கின்றன என்றால் அந்தக் கூடு போன மாதம் வந்ததல்ல.

#10 மாரிட்ஸ்பர்க் மாணவி

அக்கா, அளவு நிரந்தரம், வேலை மாறலாம் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம். புளோரிடாவின் கம்போனோட்டஸ் புளோரிடானஸில் பெரியவை சாதாரணமாக உணவு தேடப் போவதில்லை. மரபணுவைச் சுற்றியிருக்கும் புரதத்தின் வேதிக் குறிகளை மாற்றும் மருந்தை இளம் பெரியவைகளின் தலைக்குள் செலுத்திப் பார்த்தார்கள், அவையும் சின்னவை மாதிரி வெளியே உணவு தேட ஆரம்பித்தன. 2016-இல் வந்த ஆய்வு. மரபணு அதேதான், எது திறந்திருக்கிறது எது மூடியிருக்கிறது என்பதே வேறுபாடு.

எனக்கு ஒரு கேள்வி: பெரியதை ராணியிடமிருந்து எப்படிப் பிரிப்பது? இறக்கை உதிர்ந்த ராணியும் பெரிசுதானே?

#11 நுண்ணோக்கி

தலையைப் பார்க்காதேம்மா, மார்பைப் பார். ராணிக்கு ஒரு காலத்தில் இறக்கை இருந்தது, அதைத் தாங்கிய தசைக்கு இடம் வேண்டும். ஆகவே மார்பு பெருத்து, பல தகடுகளாகப் பிரிந்து, மேடாக இருக்கும். பக்கத்தில் இறக்கை முறிந்த தழும்பு தெரியும். நெற்றியில் மூன்று சின்ன ஒற்றைக்கண்கள் முக்கோணமாக இருக்கும். பெரிய வேலைக்காரிக்கு மார்பு ஒல்லி, தழும்பு கிடையாது, ஒற்றைக்கண்ணும் தெளிவாக இராது. அவளுக்குத் தலை மார்பைவிட அகலம். ராணிக்கு மார்புதான் கனம்.

வாசலில் நின்ற பெரிய தலைக்காரியை நசுக்கிவிட்டு 'ராணியைக் கொன்றுவிட்டேன், இனி கூடு அழியும்' என்று காத்திருப்பது வீண். ராணி வாசலுக்கு வருவதே இல்லை.

ஆண் எறும்பு வேறு: இறக்கையோடு, சின்னத் தலை, பெரிய கண், ஒல்லி உடம்பு. மழைக்காலம் தொடங்கும்போது விளக்கில் விழும். ஈசலோடு குழப்பவேண்டாம். ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், உணர்கொம்பு மணிமாலை மாதிரி நேராக இருக்கும், இடுப்பு கிடையாது. எறும்புக்கு முன்னிறக்கை நீளம், உணர்கொம்பு முழங்கை மாதிரி மடிந்திருக்கும், இடுப்பு ஒடுங்கும்.

#12 டொங்காட் தோட்டம்

வாசலை அடைக்கும் தலை, வெடிக்கும் எறும்பு, தேன்குடம் எறும்பு என்றெல்லாம் வீடியோ வருகிறதே, அவையும் தச்செறும்பா? நம் ஊரில் உண்டா?

#13 பூச்சிப்பெட்டி

மூன்றும் உண்மை, மூன்றும் வேறு ஊர்.

தலையால் அடைப்பது கொலொபாப்சிஸ். முன்பு கம்போனோட்டஸுக்குள்ளேயே உட்பிரிவாக இருந்தது, 2016-இல் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். பெரிய வேலைக்காரியின் முகம் சீசாத் தக்கை மாதிரி வெட்டினாற்போல் தட்டை. சுள்ளிக்குள் கூடு, வாசல் அவள் தலை அளவுதான். கூட்டுக்காரி வந்து உணர்கொம்பால் தட்டினால் பின்வாங்கி வழிவிடுவாள். தென் ஐரோப்பாவின் கொலொபாப்சிஸ் ட்ரன்காட்டா இதற்குப் பேர்போனது.

வெடிப்பதும் அதே கொலொபாப்சிஸ் கூட்டம், தென்கிழக்கு ஆசியா. போர்னியோவிலிருந்து 2018-இல் விவரித்த எக்ஸ்ப்ளோடென்ஸ் இனத்தில் வெடிப்பது சின்ன வேலைக்காரிதான். வயிற்றுச் சுவரை இறுக்கிக் கிழித்து மஞ்சள் பசையை எதிரிமேல் கொட்டிவிட்டுச் சாகும். பெரியவள் வாசலில் தக்கை.

தேன்குடம் கம்போனோட்டஸ் இன்ப்ளாட்டஸ், ஆஸ்திரேலியா. சில வேலைக்காரிகள் திராட்சை அளவுக்கு வயிறு ஊதி, கூட்டுக்குள் கூரையில் தொங்கிக்கொண்டு, மற்றவர்களுக்கு வறட்சியில் ஊட்டும். ஊதிய வயிறு பிறவி அல்ல, குடித்துக் குடித்து வருவது.

தச்சன் வீட்டில் இருப்பதில் இப்படி எதுவும் இல்லை. பெரியதற்கு வேலை வாசல் காவல், கெட்டியானதைக் கடித்து உடைப்பது, கட்டையைக் குடைவது. பெரிய தலை என்றால் பெரிய மூளை என்று நினைக்கவேண்டாம், உள்ளே நிறைந்திருப்பது தாடைத் தசை.

#14 இசிப்பிங்கோ மரப்பட்டறை

மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. தச்செறும்பு மரத்தைத் தின்பதில்லை, குடையும். இது கடித்த துகளைக் கூட்டுக்கு வெளியே கொட்டும். அந்தக் குவியலைத் தாளில் தட்டி லென்ஸில் பாருங்கள்: பென்சில் சீவினாற்போல் நார் துகள், நடுவே செத்த பூச்சியின் கால், எறும்புத் தலை, கூட்டுப்புழு உறை. குடைந்த அறைக்குள் விரலை விட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரி வழவழப்பு, மண் இருக்காது.

மண் பூச்சு இருந்தால் நிலத்துக் கரையான். தூளுக்குப் பதில் கசகசா மாதிரி உருண்டை கொட்டினால், ஒவ்வொன்றுக்கும் ஆறு பக்கம் தெரிந்தால், அது உலர்மரக் கரையான். கிரிப்டோடெர்மஸ் பிரெவிஸ் டர்பனுக்குப் பழைய ஆள், மண்ணோடு தொடர்பே வேண்டாம், ஒரு நாற்காலிக்குள்ளேயே குடும்பம் நடத்தும். நீள்வட்ட ஓட்டை, மாவு மாதிரித் தூள் என்றால் வீட்டு வண்டு. கடலோரத்தில் வீடு விற்கும்போது கேட்கிற 'பீட்டில் சான்றிதழ்' மரம் துளைக்கும் வண்டுக்காக. அதைக் காட்டி 'எறும்பு இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களே' என்று சண்டை போடாதீர்கள்.

அமெரிக்கப் பக்கங்களைப் படித்துவிட்டு வீடே விழப்போகிறது என்று பயப்படுகிறவர்கள் அதிகம். அங்கே கம்போனோட்டஸ் பென்சில்வானிகஸ் மரச்சட்டத்தில் கட்டிய வீட்டுக்குள் பெரிய கூடு வைக்கும், சேதமும் அதற்கேற்ப. இங்கே நம் இனங்களில் பல மண்ணிலும் கல்லுக்கடியிலும் உளுத்த கட்டையிலும் இருப்பவை, சுவரும் செங்கல். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள், ஆனால் உங்கள் பலகை தேய்ந்தது எறும்பாலல்ல, கட்டர் வழிந்து நனைந்ததால். ஈரத்தில் மெத்தென்று ஆன மரத்தைத்தான் அது தேர்ந்தெடுக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் பிளவிலிருந்து ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால் அங்கேவரை அழுகல். அதற்கு மேல் 30 செ.மீ. நல்ல மரம் சேர்த்து வெட்டுங்கள்.

#15 இசிப்பிங்கோ பக்தன்

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். கோயில் தேர்க் கொட்டகையில் சக்கரத்துக்கு மேல் குறுக்குக் கட்டையில் இதே எறும்பு. காவடிக்குள் சரிசெய்யவேண்டும். மருந்து அடிக்கலாமா?

#16 இசிப்பிங்கோ மரப்பட்டறை

வண்ணம் பூசிய மரத்தில் எண்ணெய் சேர்ந்த ஸ்ப்ரே அடிக்கவேண்டாம் ஐயா, கறை விழும், ஆள் தொட்டு இழுக்கும் வடத்திலும் ஏறும். அடியில் தார்ப்பாய் மடிப்பு தேங்கி ஈரம் இறங்குகிறதா பாருங்கள். காய்ந்த, காற்றோட்டமான இடத்தில் சக்கரத்தைச் செங்கல்மேல் ஏற்றி வையுங்கள். மூட்டு இடுக்கைப் பிரித்துத் துகளை வெற்றிடத் துப்புரவு இயந்திரத்தால் இழுத்தாலே பாதி போய்விடும். கட்டை பாரம் தாங்குவது என்றால் குத்திப் பார்க்காமல் தேரை நகர்த்தக்கூடாது.

#17 மாரிட்ஸ்பர்க் மாணவி

எறும்பை ஒழிக்க மருந்து கலந்த இரை வைப்பதில் மருந்தின் அளவுதான் உயிர். எறும்பு வயிற்றில் இரண்டு பை. ஒன்று ஊருக்கு, ஒன்று தனக்கு. வெளியே குடித்ததை முதல் பையில் சுமந்து வந்து வாய்க்கு வாய் ஊட்டும். மருந்து கடுமையாக இருந்தால் சுமந்துபோகும் சின்னவள் வழியிலேயே சாவாள், உள்ளே இருக்கும் பெரியவளுக்கும் ராணிக்கும் ஒன்றும் போகாது.

100 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர், 20 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் அமிலம். தராசில் நிறுங்கள், தேக்கரண்டிக் கணக்கு வேண்டாம். பஞ்சில் நனைத்து மூடியிட்ட டப்பாவில், ஓரத்தில் 5 மி.மீ. ஓட்டை போட்டு, வரிசையை ஒட்டி, இருட்டிய பிறகு. இரண்டு நாளுக்கு ஒருமுறை புதிது, காய்ந்தால் செறிவு ஏறிவிடும். பிள்ளையும் நாயும் எட்டாத உயரம். வாரக்கணக்கில் ஆகும். அதே நேரத்தில் ஸ்ப்ரேயும் அடித்தால் இரையைத் தொடவே தொடாது.

கறிவேப்பிலையில் செதில்பூச்சியோ அசுவினியோ இருந்தால் முதலில் அதைக் கழுவுங்கள். அதன் இனிப்புக் கழிவுக்குத்தான் எறும்பு போகிறது. அங்கே இலவசமாகக் கிடைக்கும்போது உங்கள் சர்க்கரைத் தண்ணீரை எதற்குத் தேடும்? கிளை கூரையைத் தொட்டால் வெட்டிவிடுங்கள்.

#18 சாட்ஸ்வர்த் தச்சன்

42 எறும்பு அளந்தேன். தலை அகலம் மிகச் சின்னது 1.2 மி.மீ., மிகப் பெரியது 2.9. நடுவே வெற்றிடம் இல்லை, 1.8-க்கும் 2.3-க்கும் இடையில் ஏழு மட்டும், அதனால்தான் கண்ணுக்கு மூன்று கூட்டம் மாதிரி தெரிந்திருக்கிறது. தலையை மார்பால் வகுத்தது 1.15-இல் தொடங்கி 1.6 வரை ஏறுகிறது. வரிசையில் பிடித்த 21-இல் 2 மி.மீ.க்கு மேல் தலை ஒன்றே ஒன்று. வாசலில் பிடித்த 21-இல் பன்னிரண்டு.

பலகை பிளவின் இடப்பக்கம் 40 செ.மீ. வரை ஸ்க்ரூடிரைவர் இறங்குகிறது, வலப்பக்கம் 10. கட்டர் இணைப்பில் ரப்பர் இல்லை. துகளில் மண் இல்லை, உருண்டை இல்லை.

#19 பூச்சிப்பெட்டி

நல்ல கணக்கு. ஒரே இனம், தொடர்ச்சியான அளவு. அந்த நடுத்தர ஏழு எறும்பையும் தனி டப்பாவில் வையுங்கள். பெரியதைப் படமெடுக்க எல்லாருக்கும் ஆசை, நடுத்தரத்தை யாரும் வைத்துக்கொள்வதில்லை, அது இல்லாவிட்டால் அடுத்த ஆள் மறுபடியும் மூன்று இனம் என்றுதான் எழுதுவார்.

#20 இசிப்பிங்கோ மரப்பட்டறை

பலகையைக் கழற்றும்போது பகலில் கழற்று தம்பி, எல்லாம் உள்ளே இருக்கும். கீழே வெள்ளைத் துணி விரி. கண்ணாடியும் கையுறையும் போடு, ஏணிமேல் நிற்கும்போது முகத்தில் அமிலம் பட்டால் கை தன்னால் ஏணியை விடும். வெட்டிய துண்டை முற்றத்தில் போடாமல் கட்டிய பையில் அன்றே வெளியேற்று. புதுப் பலகையின் வெட்டுமுனைக்குப் பெயிண்ட் அடித்த பிறகே மேலே ஏற்று, தண்ணீர் முதலில் ஏறுவது அந்த முனையில்தான். கட்டர் ரப்பரை அதற்கும் முன்னால் மாற்று.